மூன்று வாளும் ஆச்சியின் பழைய பாய்களும்

தேவகோட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணனுக்கு வாள் என்றால் உயிர். தொழில் சென்னையில், பூர்வீக வீடு இங்கே. பங்குனி கடைசியில் ஊருக்கு வந்தவர் போன் செய்தார். “வாத்தியாரே, மூணு புது வாள் வாங்கியிருக்கேன். மூணும் கூர் வச்சது. நீங்க வந்து வெட்டிப் பாத்துச் சொல்லணும்” என்றார். நான் 22 வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பு, மான்கொம்பாலான மடு, சுருள்வாள், வாள்வீச்சு எல்லாம் கையில் ஏறியவைதான். ஆனால் பயிற்சியில் நாங்கள் வீசும் வாள் மழுங்கல். கூர் வைத்த வாளை, அதுவும் சேபர் என்று சொல்லும் வளைந்த குதிரைப்படை வாளை, மனம்போல வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கும் புதிது. மூன்று நாள் வெட்டினோம். நடுவில் ஒரு நாள் திருப்பாச்சேத்திக்கும் போய் வந்தோம். இப்படி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகளில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள மற்ற ஆயுதங்களும் அதில் சேரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அரிவாளுக்கு இருக்கும் சலுகை வாளுக்கு இல்லை என்பது இதன் பொருள். அண்ணன் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, வாங்க வேண்டிய காகிதத்தை வாங்கிவிட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, வாளுக்கு வருகிறேன். முதல் இரண்டும் ஒரே மாதிரியைப் பார்த்துச் செய்தவை. 1796-இல் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படைக்கென்று வந்த வாள் அது. சுமார் 33 அங்குலம் நீளம், நல்ல வளைவு, நுனிப் பக்கம் போகப் போக அகலம் கூடும், கைக்கு மேலே, குதிரையேறக் கால் வைக்கும் அங்கவடி மாதிரி ஒற்றைக் கம்பி வளைவு. முதலாவது வட நாட்டுத் தயாரிப்பு, விலை 12,500 ரூபாய். இரண்டாவதை ஒரு தனிப் பட்டறையில் சொல்லிவைத்து, எட்டு மாதம் காத்திருந்து, 41,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். மூன்றாவது தல்வார் என்னும் வட இந்திய வளைந்த வாள். ராஜஸ்தான் பக்கம் செய்தது, 9,800 ரூபாய். இரும்புப் பிடி, பிடியின் அடியில் தட்டு மாதிரி வட்டம், பார்த்ததும் அடையாளம் தெரியும்.

மூன்றையும் வளவுத் தூண் ஓரம் ஒரு பெஞ்சில் வரிசையாக வைத்திருந்தார். ஆத்தங்குடித் தரையில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது, வாள்களும் பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்பில் எனக்கு மூன்றுமே ஒன்றாகத்தான் தெரிந்தன. கையில் எடுத்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது.

முதல் வாள் 1,060 கிராம். இரண்டாவது 940 கிராம். வித்தியாசம் 120 கிராம்தான், ஒரு சின்னக் கொய்யாப்பழத்தின் எடை. ஆனால் கையில் அது இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஏன் என்று பார்க்க, ஒரு விரல் மேல் வாளைப் படுக்க வைத்து எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தோம். முதலாவது கைக்காப்பிலிருந்து 22 சென்டிமீட்டரில் நின்றது, இரண்டாவது 15.5-இல், தல்வார் 13-இல். அண்ணனிடம் வெர்னியர் இருந்தது, முதுகின் தடிமனையும் அளந்தோம். முதல் வாளில் பிடிக்குப் பக்கத்தில் 5.6 மில்லிமீட்டர், நடுவில் 5.1, நுனிக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் 4.2. அதாவது ஒரு பட்டையை எடுத்து வளைத்து, வாய் என்று சொல்லும் கூர் ஓரத்தை வைத்த மாதிரி. இரண்டாவதில் பிடிக்குப் பக்கத்தில் 8.4, நடுவில் 4.6, நுனிப்பக்கம் 2.3. பிடி பக்கம் முதலாவதை விடத் தடியான இந்த வாள், நுனியில் அதன் பாதித் தடிமனுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. மூன்று நாளும் நான் கண்ட நல்லது கெட்டது எல்லாமே இந்த மூன்று எண்ணிலிருந்துதான் வந்தது.

வெட்டுவதற்கு என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஜப்பான்காரர்கள் வாளைச் சோதிக்கத் தாத்தாமிப் பாயைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுருட்டி நிறுத்தி வெட்டுவார்கள். நம்மிடம் கோரைப்பாய் இருக்கிறதே. அண்ணனின் அம்மாவிடம் கேட்டோம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு விரிக்க என்று ஒரு காலத்தில் கட்டுக் கட்டாக வாங்கிப் போட்ட பாய்கள் மாடி அறையில் கிடந்தன. “கரையான் தின்னுக்கிட்டுக் கெடக்கு, எடுத்துக்கிடுங்க. ஆனா அந்தப் பத்தமடைப் பாயை மட்டும் யாரும் தொடக் கூடாது, அது எங்க அம்மா வீட்ல குடுத்தது” என்றார் ஆச்சி. பத்தமடைப் பாயைத் தனியாக எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மற்ற பாய்களைப் பின்கட்டுத் தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டோம்.

ஊறிய பாயை இறுக்கமாகச் சுருட்டி, நான்கு இடத்தில் சணல் கட்டி, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் வடிய விட வேண்டும். கொல்லையில் பூவரசங்கட்டை ஒன்றை நட்டு, மேலே ஒரு மூங்கில் முளையை அடித்து, அதில் சுருளைக் குத்தி நிறுத்தினோம். சுருள் ஒன்று என் முன்கைப் பருமன். வெட்டுகிறவர் தவிர யாரும் பத்தடிக்குள் வரக் கூடாது என்று கயிறு கட்டினேன். எல்லோருக்கும் ஷூ. வாள் கைநழுவினால் யாரும் பிடிக்கப் போகக் கூடாது, விழட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னோடு அண்ணனும், என்னிடம் எட்டு வருடம் படித்த ஒரு மாணவியும் வெட்டினார்கள். அவளுக்கு 24 வயது, மணிக்கட்டு என்னுடையதில் பாதி. அவள் சொன்னது இந்தச் சோதனைக்கு ரொம்ப உதவியது.

பாய்க்கு முன்னால் வாழை. குலை வெட்டிய வாழை எப்படியும் சாயப் போகிறதுதானே என்று பக்கத்துத் தோட்டத்தில் ஏழெட்டு மரம் கொடுத்தார்கள். மூன்று வாளும் வாழையைச் சுலபமாக வெட்டின. தல்வார்தான் அதில் சிறப்பு, வெண்ணெயில் இறங்கியது போல இறங்கியது. ஆனால் வாழையை வைத்து வாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர், எந்த வாயும் உள்ளே போய்விடும். வாளை விற்கிறவர்கள் வீடியோவில் வாழையையும் தண்ணீர் பாட்டிலையும் வெட்டிக் காட்டுவது இதனால்தான். இன்னொன்று, வாழைக்கறை எஃகை உடனே பிடித்துக்கொள்ளும். நான்கு வெட்டுக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தும் முதல் வாளில் கரும்பழுப்பாக ஒரு திட்டு நின்றுவிட்டது.

பாயில்தான் நிஜம் தெரிந்தது.

முதல் வாளை எடுத்து, இடமிருந்து வலமாகச் சாய்வாக இறக்கினேன். பாய் அறுபட்டது. முக்கால்வாசி. மீதி மடங்கித் தொங்கியது. மறுபடி வெட்டினேன், இந்தத் தடவை முழுக்கப் போனது. ஆனால் முளையே ஆடிவிட்டது, என் முழங்கை வரைக்கும் ஒரு அதிர்வு ஏறியது. வெட்டுப்பட்ட துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கோரைப்பாயில் குறுக்கே கோரை, நெடுக்கே பருத்திப் பாவு நூல். வெட்டின் தொடக்கத்தில் கோரை ஒவ்வொன்றும் வட்ட வட்டமாக அறுபட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோறு தெரிந்தது. நடுவுக்கு வந்ததும் கோரை நசுங்கியிருந்தது. கடைசி ஓரத்தில் நூல் அறுபடவே இல்லை. இழுபட்டு, இரண்டு விரற்கடை நீளத்துக்கு விளக்குமாற்று நுனி மாதிரி வெளியே வந்திருந்தது. அதாவது கடைசிப் பகுதியை வாள் வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது.

அடுத்து இரண்டாவது வாள். அதே உயரம், அதே சாய்வு. சத்தமே வேறு. முதல் வாளுக்கு ‘தப்’ என்றிருந்தது, இதற்கு ஈரத் துணியை உதறினால் வருமே, அந்தச் சத்தம். முளை ஆடவில்லை. துண்டைப் பார்த்தேன், முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை வெள்ளைப் புள்ளிகள் வரிசை மாறாமல் இருந்தன, பாவு நூல் ஒவ்வொன்றும் கத்தரித்தாற்போல் அங்கங்கே நின்றிருந்தது. மாணவி அந்தத் துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சார், இதை அப்படியே தரையில நிக்க வைக்கலாம்” என்றாள். வைத்தாள், நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் வெட்டிய துண்டுகளையெல்லாம் வாள் வாரியாக வரிசை வைத்தோம். சாயங்காலம் எந்த வாள் எப்படி வெட்டியது என்று பார்க்க அந்த வரிசையே போதுமானதாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் வாள் மொக்கை இல்லை. காகிதத்தை அறுத்துப் பார்த்தோம், சர்ரென்று போனது. பிறகு ஏன் பாயில் திணறியது? வாயோரத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது புரிந்தது. வாளைச் செய்து முடித்த பிறகு, கடைசியில் மெஷினில் வைத்து ஓரத்துக்கு மட்டும் தனியாக ஒரு சரிவு பிடித்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு அந்தச் சரிவு பளிச்சென்று தெரிகிறது. அதற்கு மேலே ஒரு தோள். காகிதம் மெல்லியது, ஓரத்திலேயே அறுந்துவிடுகிறது. பாய்க்குள் நுழையும்போது அந்தத் தோள் முட்டுகிறது. இரண்டாவது வாளில் தனிச் சரிவே இல்லை. முதுகிலிருந்து வாய் வரைக்கும் ஒரே மெல்லிய வளைவு, புளியங்கொட்டையின் ஓரத்தைத் தடவினால் விரலுக்குத் தெரியுமே, அப்படி. வாங்கும்போது இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். விற்கிறவரிடம் வாயோரத்தை நெருக்கத்தில் ஒரு போட்டோ கேளுங்கள். கோடு போட்ட மாதிரி ஒரு சரிவு தெரிந்தால், அது காகிதம் நறுக்கும் அளவுக்குக் கூர் வைத்த வாள்தான், பாயை வெட்டும் அளவுக்கு அல்ல.

வீச்சில் வித்தியாசம் இன்னும் அதிகம். வெட்டு என்பது ஒரு அடியோடு முடிவதில்லை. இறங்கிய வாள் நின்று, திரும்பி, அடுத்த இடத்துக்கு ஏற வேண்டும். கம்பில் பழகியவர்களுக்கு இது ரத்தத்தில் இருக்கும். இரண்டாவது வாளை வலமும் இடமுமாக மாற்றி மாற்றி நாற்பது முறை வீசினேன், கடைசி வீச்சும் முதல் வீச்சு மாதிரியே இருந்தது. முதல் வாளில் பதினைந்தாவது வீச்சிலேயே நான் வாளை ஓட்டவில்லை, வாள் என்னை இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தது. கீழே இறங்கியதை நிறுத்த மணிக்கட்டைப் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. மாணவி பத்து வீச்சில் நிறுத்திவிட்டாள். கட்டைவிரல் மூட்டில் வலி என்றாள். அன்றைக்கு அவளை அந்த வாளைத் தொட விடவில்லை.

வாளின் எந்த இடத்தால் வெட்டுவது என்பதற்கு ஒரு சின்ன வழி உண்டு. பிடியைத் தளர்வாகப் பிடித்து, நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி, பிடியின் அடியில் இன்னொரு கையால் தட்டுங்கள். வாள் அதிரும். உற்றுப் பார்த்தால் ஒரு இடம் மட்டும் அதிராமல் நிற்கும். அந்த இடத்தால் வெட்டினால் கைக்கு அதிர்வு வராது. இரண்டாவது வாளில் அது நுனியிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தது. முதுகில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தோம். புள்ளி படுகிற மாதிரி நின்று வெட்டியபோது அண்ணனே, அதுவரை வாளால் எதையும் வெட்டாதவர், மூன்றாவது முயற்சியில் பாயைச் சுத்தமாக வெட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

தல்வாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடி சின்னது, உள்ளளவு ஏழரை சென்டிமீட்டர்தான். அண்ணனின் கைக்கு இறுக்கம், எனக்குச் சரி, மாணவிக்கு அளவெடுத்த மாதிரி. அடியில் இருக்கும் தட்டு மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மணிக்கட்டை முன்பக்கம் மடக்கி நீட்டி வெட்டலாம் என்று போனால் தட்டு குத்தும். முதல் ஐந்து நிமிடம் அது தொந்தரவு என்றுதான் நினைத்தேன். பிறகு மணிக்கட்டைப் பூட்டி, தோளிலிருந்து வீசி, வாள் பட்டதும் முழங்கையை உடம்போடு இழுத்துப் பார்த்தேன். வளைந்த வாய் பாயின் மேல் வழுக்கிக்கொண்டே அறுத்துப் போனது. இது அடிக்கும் வாள் இல்லை, இழுக்கும் வாள். அந்தத் தட்டு அதைத்தான் கைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பாயில் இரண்டாவது வாளின் சுத்தம் இதற்கு வரவில்லை, பத்தில் ஏழு துண்டு சுத்தம். ஆனால் 9,800 ரூபாய்க்கு எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

அதன் குறை வேறு இடத்தில். பழைய முறைப்படி வாளின் வாலைப் பிடிக்குள் விட்டு அரக்கு ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் கத்திக்குப் பிடி போடுகிறவர்களும் அரக்கை உருக்கித்தான் போடுவார்கள், முறையில் தப்பில்லை. ஆனால் அரக்கைப் போதுமான அளவு ஊற்றவில்லை. மதியம் சாப்பிடப் போனபோது வாளைக் கொல்லைத் திண்ணையிலேயே விட்டுவிட்டோம், சித்திரை வெயிலை ஒத்த வெயில், இரும்புப் பிடி தொட முடியாமல் காய்ந்திருந்தது. எடுத்து உதறினால் கடகடவென்று ஆடியது. இதை நாங்கள் கவனிக்காமல் வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஒவ்வொரு முறை வெட்டத் தொடங்கும் முன்பும் பிடியைப் பிடித்து உதறி, காதருகே வைத்துக் கேளுங்கள். முதல் வாளின் பிடியும் முப்பது வெட்டுக்குள் லேசாகச் சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டாவதில் வால் பிடி முழுக்க ஓடி, அடியில் அடித்துப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள், மூன்று நாளும் அசையவில்லை.

முதல் வாளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் எழுதினார். கூர் வைத்து அனுப்பியதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று பதில் வந்தது. சரி, வாயையாவது திருத்திப் பார்ப்போம் என்று மறுநாள் மூன்று வாளையும் அனுமதிக் காகிதத்தோடு வண்டியில் எடுத்துக்கொண்டு திருப்பாச்சேத்தி போனோம். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் ரோட்டில் இருக்கிறது. திருப்பாச்சி அரிவாள் என்று ஊர் உலகத்துக்கே தெரிந்த பெயர். நான் வழக்கமாக அரிவாள் வாங்கும் பட்டறையில் பெரியவர் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லாரி வில்லுப் பட்டையை வெட்டிக் காய்ச்சி அரிவாள் அடிக்கிறவர். புதிய வாள்களிலும் பலவற்றுக்கு அதே வில்லு எஃகு வகைதான் போடுகிறார்கள், அதனால் அவருக்கு இரும்பு புதிதில்லை.

முதல் வாளை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து முதுகைப் பார்த்தார். நகத்தால் சுண்டிக் காதில் கேட்டார். பிறகு ஒரு முறை மெதுவாக வீசிவிட்டு, “இரும்பு நல்ல இரும்புதான், பதமும் சரியாத்தான் இருக்கு. ஆனா மூக்குல கனம். இது எங்க அருவா மாதிரில்ல இருக்கு” என்றார். அரிவாளுக்கு மூக்கில், அதாவது நுனியில், கனம் வேண்டாமா என்று கேட்டேன். “வேணும்ய்யா. மரம் எங்க ஓடப் போகுது? அது நின்ன எடத்துல நிக்கும், கனத்தைப் போட்டா வெட்டும், அப்புறம் ஆற அமர எடுத்துக்கிடலாம். வாளு அப்படியா? போன கை திரும்பி வர வேண்டாமா?”

எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் இந்த 1796 வாளின் கதையே அதுதான். இதை வடிவமைத்த பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி லே மார்ச்சண்ட் 1793 முதல் 1795 வரை ஐரோப்பாவில் நடந்த போரில் இருந்தவர். பிரிட்டிஷ்காரர்கள் வாள் வீசுவது விறகு வெட்டுவது மாதிரி இருக்கிறது என்று ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஊர் திரும்பி, பர்மிங்காம் வாள் பட்டறைக்காரர் ஹென்றி ஆஸ்பர்னோடு சேர்ந்து இந்த வாளைக் கொண்டுவந்தார், வீசும் முறைக்குப் பாடமும் எழுதினார். துருக்கியர், எகிப்தின் மம்லூக் வீரர்கள், ஹங்கேரியர்களின் வளைந்த வாள்கள்தான் மற்ற எதையும் விடச் சிறந்தவை என்று எண்ணியவர் அவர். 1812-இல் ஸ்பெயினில் நடந்த சலமாங்கா போரில் இறந்தார். விறகு வெட்டும் கையை மாற்றுவதற்கென்று பிறந்த வாளை, இருநூறு வருடம் கழித்து மறுபடி விறகு வெட்டும் கனத்தோடு செய்து விற்கிறார்கள். அந்தக் காலத்து வாள்களைப் பார்த்துத்தான் வெளி உருவத்தை எடுத்திருக்கிறார்கள். முதுகு எப்படி மெலிந்து போகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். பட்டையைச் சீரான தடிமனில் வைத்துக்கொண்டால் வேலை மிச்சம், அவ்வளவுதான் காரணம் என்று பெரியவரும் சொன்னார்.

வாயை அவர் மெஷினில் வைக்கவில்லை. “மெசின்ல வச்சா சூடேறி நீலம் பாஞ்சிரும், வாயில பதம் போயிரும்” என்று சொல்லி, அரத்தாலும் பிறகு தண்ணீர் விட்டுக் கல்லாலும் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தோளை இறக்கினார். எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கொடுக்கும்போது, “வாயைச் சரி பண்ணிட்டேன். மூக்கை நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

சொன்னபடியே ஆனது. மூன்றாம் நாள் வெட்டிப் பார்த்ததில் முதல் வாள் பத்துக்கு எட்டுப் பாயை ஒரே வெட்டில் அறுத்தது, பாவு நூல் இழுபடுவதும் பெரும்பாலும் நின்றது. ஆனால் கையில் அதே பாரம். மாணவியிடம் கொடுத்தபோது இரண்டு வீச்சு வீசிவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். ஆக, வாயைக் காசு கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். முதுகைத் திருத்த முடியாது. விலை குறைவென்று வாங்குகிறவர்கள் எது பின்னால் சரியாகும், எது ஆகாது என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வாளிலும் குறை இல்லாமல் இல்லை. நுனி மெல்லியது என்பதால் வாய் நேராக விழாவிட்டால் அது மன்னிப்பதில்லை. அண்ணன் ஒரு முறை வாளைத் திருகி வெட்டிவிட்டார், வாய் சாய்வாகப் பாயில் பட்டு, வாள் பாதியில் நின்று, நுனிப் பகுதி வில் மாதிரி வளைந்தது. எடுத்ததும் நேராகிவிட்டது, நல்ல பதம். ஆனாலும் முதுகை நீட்டிப் பார்த்தால் ஒரு தலைமுடி அளவு சாய்வு இருக்கிறதோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். காய்ந்த மூங்கில், பனைமட்டை, சீமைக்கருவேலம் இதையெல்லாம் இந்த வாளால் வெட்டக் கூடாது. அதற்கு அரிவாள் இருக்கிறது. பிடியில் சுற்றியிருக்கும் தோலும் வியர்வையில் வழுக்குகிறது, இங்கே உள்ள வெயிலுக்கு அது நல்லதில்லை. மெல்லிய பருத்தி நூலை மேலே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டோம்.

உறை விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் இரண்டு வாளுக்கும் இரும்பு உறை. பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறை உருவும்போதும் வாய் இரும்பில் உரசுகிறது. முதல் நாள் காலையில் காகிதம் அறுத்த இடம், சாயங்காலம் உறையில் போட்டு எடுத்த பிறகு ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் காகிதத்தைப் பிடித்து இழுத்தது. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த நோலன் என்ற குதிரைப்படை அதிகாரி, நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரு சண்டையில் வெட்டிய வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அசந்துபோய் விசாரித்திருக்கிறார். அது ஏதோ தனி எஃகு இல்லை. பிரிட்டிஷ் படை கழித்துப் போட்ட பழைய வாள்களைத்தான் அவர்கள் வாங்கி, பிடியை மாற்றி, சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் போட்டு, சண்டையில் தவிர மற்ற நேரத்தில் உருவாமல் வைத்திருந்தார்கள். அதே வாள், நம் ஆள் கையில் மர உறையில் இருந்தபோது வேறு வாளாகிவிட்டது. அந்த நோலன் 1854-இல் கிரிமியப் போரில், பாலக்லாவா என்ற இடத்தில் இறந்தார்.

பராமரிப்புக்கு ஒன்றே ஒன்று. அரிவாளுக்குத் தடவுவது போலத் தேங்காய் எண்ணெய் தடவி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், காறிப்போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் போதும், ஒரு சொட்டு எடுத்து முழு வாளுக்கும் துணியால் பரப்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

அண்ணனிடம் நான் சொன்னது இதுதான். பணம் இருந்து, காத்திருக்கவும் முடியும் என்றால் இரண்டாவது மாதிரி வாங்குங்கள். இல்லையென்றால் தல்வாரை வாங்கி, வந்ததும் பிடிக்கு ஒரு முறை புதிதாக அரக்கு ஊற்றிவிடுங்கள். முதல் வாளின் விலையை விடக் குறைந்த காசுக்கு அதைவிட நல்ல வாள் கையில் இருக்கும். எதை வாங்கினாலும் எடையை மட்டும் கேட்காமல், முதுகின் தடிமனை மூன்று இடத்தில் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

முதல் வாள் இப்போது முகப்பு அறைச் சுவரில் இருக்கிறது. தல்வாருக்கு அரக்கு ஊற்றியாகிவிட்டது. இரண்டாவது வாளுக்கு மர உறை செய்ய, வீட்டிலேயே கிடந்த பழைய பர்மாத் தேக்குப் பலகை ஒன்றை ஆச்சி எடுத்துக் கொடுத்தார். காரைக்குடி ஆசாரி ஒருவர் வாளைப் பலகை மேல் படுக்க வைத்துப் பென்சிலால் வளைவை வரைந்துகொண்டு போயிருக்கிறார். ஆடி பிறந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.